அறுபதாவது பெயர்

ஹா-துமானே,
செப்டம்பர் 14

ஞாகலோவின் அப்பாவுக்கு,

கம்பளி மூட்டை ஏற்றிய லாரி நாளைக் காலை மசேருவுக்குக் கிளம்புகிறது. டிரைவர் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டான். அதனால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய சோலார் விளக்கு வந்தது. தலைநகரில் உங்கள் கல்வி ஆபீஸ் போட்ட புத்தகமும் வந்தது. ‘அறிவால் உயரும் நாடு’ என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. கூடவே உங்கள் மூன்று பக்கக் கடிதம். நம் நாட்டைச் சுற்றி வேறொரு நாடு இருக்கிறது, நம்மிடம் விற்பதற்குத் தண்ணீரும் மூளையும்தான் இருக்கின்றன என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஞாகலோவைப் பற்றி ஒரு வரி தேடினேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். இல்லை.

ஜூலையில், நடுக் குளிர்காலத்தில், நம் குழந்தை போனாள். பனியில் கணவாய் மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல இங்கே போனும் எடுக்காது. நீங்கள் வந்து சேர்ந்தபோது குழி வெட்டியாகிவிட்டது. கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமல் நின்றீர்கள். மறுநாள் காலை கூட்டம் இருக்கிறது என்று கிளம்பிவிட்டீர்கள். அதற்காக நான் சண்டை போடவில்லை. இப்போதும் போடவில்லை. சண்டை போட உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தை இறந்ததை ஊர்த் தலைவரிடம் இன்னும் யாரும் முறைப்படி சொல்லவில்லை. நான் போனேன். துமானே தலைவர் உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: “நீ சொன்னா பொய்யாயிடுமா, தாயி? ஆனா அது அந்த வீட்டுப் புள்ள. உன் மாமனாரும் உயிரோட இல்ல. அந்த வீட்டு ஆம்பள வந்து என் முன்னால நின்னு வாயால சொல்லணும். அப்பத்தான் நான் இறப்புத் தாள்ல சீல் வைக்க முடியும்.”

வந்து சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு வாக்கியம்தான்.

இன்னொன்று. கல்யாணத்தன்று உங்கள் அம்மா என் தோளில் போர்வையைப் போட்டு, “இன்னிலேர்ந்து நீ மா-ஞாகலோ, ஞாகலோவோட அம்மா” என்றார். வயிற்றில் குழந்தை தங்குவதற்கு மூன்று வருடம் முன்பே என்னை அவளுக்கு அம்மா ஆக்கிவிட்டார்கள். இப்போது குழந்தை இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. தண்ணீர்க் குழாயில், கடையில், பள்ளிக்கூடத்தில், நாள் முழுக்க அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நீங்களாவது என் அப்பா வீட்டுப் பெயரில் எழுதுங்கள்.

கெனுவே


மசேரு,
அக்டோபர் 3

அன்புள்ள கெனுவே,

இந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பணம் தருகிற நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். ‘படித்தவர்கள் எல்லாம் எல்லை தாண்டிப் போய்விடுகிறார்களே, எப்படி நிறுத்துவீர்கள்?’ என்று கேட்டார்கள். மலையில் இருக்கும் பிள்ளைக்கும் மசேருப் பிள்ளைக்கு என்ன தெரியுமோ அது தெரிந்தால் நாடு தானாக எழுந்துவிடும் என்று நான் சொன்னேன். கை தட்டினார்கள். என் டைரக்டர் மொலிசே என் தோளைத் தட்டினார்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. மலைப் பள்ளிகளில் அறுபது பிள்ளைகள் பதிந்திருந்தால் போன் டவர், கம்ப்யூட்டர் அறை, கூடுதலாக ஒரு டீச்சர் என்று முடிவாகியிருக்கிறது. மே மாதம் பள்ளியிலிருந்து நீ அனுப்பிய பதிவில் ஹா-துமானேக்குச் சரியாக அறுபது. பட்டியலில் நம் ஊர் இருக்கிறது. இரண்டு வருடமாக ஒற்றை ஆளாக இத்தனை பிள்ளைகளை மேய்க்கிறாய். இனி உனக்குத் துணை வரும்.

தலைவரிடம் சொல்லும் விஷயம் எனக்கு நினைவிருக்கிறது. மழை விட்டதும் வருகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

லெபுசா


ஹா-துமானே,
அக்டோபர் 26

ஞாகலோவின் அப்பாவுக்கு,

பதிவின் நகலை எடுத்து எண்ணினேன். நான் எழுதியதுதான், என் கையெழுத்துதான். மே மாதம் அவள் என் மடியில் உட்கார்ந்து, “அம்மா, என் பேரயும் போடு, நான் பெரிய ஸ்கூலுக்குப் போறேன்” என்று பிடுங்கியெடுத்தாள். ஜனவரியில் முதல் வகுப்புக்கு வர வேண்டியவள்தானே என்று கடைசியில் சேர்த்தேன். அந்த அறுபதாவது பெயர் அவளுடையது.

இது ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க எனக்கு என்ன காரணம்? அன்று சாயங்காலமே தலைவர் வீட்டிலிருந்து ஆட்டுத் தொடை வந்தது. கடைக்கார மத்சேலா கடனுக்கு எண்ணெய் கொடுத்தான். குழாயடியில் ஒருத்தி என் குடத்தைத் தூக்கிவிட்டு, “பாவம், குழந்தை போயும் ஊருக்கு உதவுறா பாரு” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குக் கோபமே வரவில்லை. களி அடிபிடித்தது, அதையும் தின்றேன். கரிந்திருக்கிறது என்று தின்று முடித்த பிறகுதான் தெரிந்தது.

இறந்ததை எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று தலைவர் இப்போது கேட்பதில்லை.

ஏன் அறுபது? ஐம்பத்தொன்பது பிள்ளை என்றால் மூளை குறைந்துவிடுமா? யார் வைத்த கணக்கு இது?

கெனுவே


மசேரு,
நவம்பர் 19

கெனுவே,

நான் வைத்த கணக்கு.

ஒரு எண் வேண்டும் என்றார்கள். ஐம்பது என்றால் பணம் போதாது. எழுபது என்றால் மலையில் ஒரு பள்ளியும் தேறாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டியிருந்தது. அறுபது என்று எழுதினேன். வேறு காரணம் எதுவும் கிடையாது.

அவள் பெயர் அதில் இருப்பது எனக்குத் தெரியும். போன கடிதம் எழுதும்போதே தெரியும். கம்ப்யூட்டரில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர். இறப்புப் பதிவு வராத பெயரை நாங்கள் நீக்கக் கூடாது. அது முறை. அந்தப் பதிவு என்னிடமிருந்துதான் வர வேண்டும் என்பதும் முறை.

டைரக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். “லெபுசா, ஒரு ஊருக்காக எண்ணை மாத்தினா நாளைக்கு எல்லா ஊரும் வாசல்ல வந்து நிக்கும். ரூல்னா ரூல்” என்றார். “அந்த ரூலப் போட்டதே நான்தானே சார்” என்றேன். “அப்போ நீயே அத மதிக்கணும்ல?” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கோபிக்காமல் யோசித்துப் பார். ஜூலையில் டவர் இருந்திருந்தால் நீ ஆஸ்பத்திரிக்குப் பேசியிருப்பாய். என்ன மருந்து, எப்படிக் கொடுப்பது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். ஹெலிகாப்டர்கூட வந்திருக்கலாம். அது இல்லாததால்தான் அவள் போனாள். இப்போது அவள் பெயராலேயே அது வரப்போகிறது. அடுத்த குளிர்காலத்தில் யாரோ ஒரு பிள்ளை பிழைக்கும். நான் வந்து வாயைத் திறந்தால் அதுவும் போகும். வராமல் இருப்பதும் ஊருக்கு நல்லதுதானே?

எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். திட்ட அறிக்கை எழுதுகிற மாதிரியே இருக்கிறது. எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை, கெனுவே.

லெபுசா


ஹா-துமானே,
ஜனவரி 30

ஞாகலோவின் அப்பாவுக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரவில்லை என்பதை எழுத வேண்டியதில்லை.

காலையில் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? பெயர் கூப்பிடுவேன். உங்கள் ஆபீஸில் அது ஒரு வரி. இங்கே நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் கடைசிப் பெயருக்கு வந்தேன். நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். வரிசையாகச் சொல்லி வந்த வேகத்தில் வாய் சொல்லிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து, “இருக்கேன், டீச்சர்” என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

நெஞ்சு நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடித்துக்கொண்டேதான் இருந்தது.

தலைவர் செய்த ஏற்பாடு. லிதேபா என்று ஒருத்தி இருக்கிறாளே, ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டு வேலைக்குப் போய்விட்டுப் போன வருடக் கடைசியில் திரும்பி வந்தவள், அவளுடைய மகள். பெயர் செலுவானே. நம் குழந்தையின் வயதுதான். அங்கே பிறந்ததால் இங்கே எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை. புதுப் பெயர் சேர்க்க அடுத்த வருடம் ஆகும். “ஒரு பேரு சும்மா கெடக்குது, ஒரு புள்ள பேரு இல்லாம கெடக்குது. ரெண்டையும் சேத்து வெச்சா யாருக்கு என்ன நஷ்டம்?” என்றாராம் தலைவர். லிதேபா என்னிடம் வந்து போர்வை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே, “டீச்சரம்மா, உங்களுக்கு வருத்தம்னா புள்ளய நிறுத்திடறேன்” என்றாள். வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை. “வரட்டும்” என்றேன்.

கெட்டிக்காரி. எல்லாரையும்விடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள். போன வாரம் மழையில் நடுங்கிக்கொண்டு வந்தாள். பெட்டியைத் திறந்து ஞாகலோவின் மஞ்சள் போர்வையை எடுத்துப் போட்டுவிட்டேன். நல்ல மனதில் செய்தேனா, கெட்ட மனதில் செய்தேனா, சொல்லத் தெரியவில்லை.

நேற்று சிலேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முதல்முதலாகப் பெயர் எழுதியிருக்கிறாள். ஞாகலோ என்று எழுதியிருக்கிறாள். அவளுடைய சொந்தப் பெயரை அவளுக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை.

இதுதான் உங்கள் அறிவால் உயரும் நாடா?

கெனுவே


மசேரு,
பிப்ரவரி 11

கெனுவே,

பணம் தருகிறவர்கள் பிள்ளைகளைத் தலை எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மலைப் பள்ளிகளை எண்ணும் அதிகாரியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். அங்கே பிறந்தவன், வழி தெரிந்தவன் என்று டைரக்டர் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதை என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ஜூலையில் லீவு கேட்டபோது ‘வீட்டு விஷயம்’ என்றுதான் எழுதினேன்.

மார்ச் ஐந்தாம் தேதி வருகிறேன். டைரக்டரும் வருகிறார்.

அன்று அந்தப் பெண் மஞ்சள் போர்வையைப் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல். உன்னை வேறு எதுவும் கேட்கவில்லை.

லெபுசா


மசேரு,
மார்ச் 9

கெனுவே,

நீ கரும்பலகைப் பக்கம் நின்றிருந்தாய். எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனாலும் என் நாற்காலியிலிருந்து அது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ‘இருக்கேன்’ என்றது, நான் டிக் போட்டேன். தலைவரும் டைரக்டரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே ஊரே நின்றது. முற்றத்தில் டவருக்கான கம்பிகளையும் சிமெண்ட் மூட்டைகளையும் இறக்கிவைத்திருந்தார்கள். கடைசிப் பெயரைப் படித்தேன். எப்படிப் படித்தேன் என்று கேட்காதே. எல்லாப் பெயரையும் படித்த அதே குரலில்தான் படித்தேன், அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

அவள் எழுந்தாள், மஞ்சள் போர்வையோடு. “இருக்கேன், சார்.”

பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன். டிக் பாதி விழுந்துவிட்டது. அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. நம் குழந்தைக்கு அந்தப் பல் விழவே இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன் பேரு என்னம்மா?” என்று கேட்டேன்.

“ஞாகலோ, சார்.”

“உங்க அம்மா வீட்டுல உன்ன என்னன்னு கூப்பிடுவாங்க?”

அவள் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். பிறகு உதடு பிதுங்க ஆரம்பித்தது. “செலுவானே. ஆனா அதச் சொல்லக் கூடாது, சார்” என்றாள்.

அதற்கு மேல் நான் எதையும் யோசித்துச் செய்யவில்லை. எழுந்துபோய்த் தலைவர் முன்னால் நின்று தொப்பியை எடுத்தேன். “தலைவரே, என் மக ஞாகலோ செத்துட்டா. ஜூலைல செத்துட்டா. என் வீட்டு ஆம்பளையா நான் வந்து சொல்றேன்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “கேட்டேன்” என்றார். முறைப்படி அவர் சொல்ல வேண்டிய சொல் அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் கணவாய் தாண்டினோம். டைரக்டர், “ஐம்பத்தொன்பது” என்றார். கொஞ்ச தூரம் போய், “எங்கிட்ட ஏன் சொல்லல, லெபுசா?” என்றார். மொகொத்லொங் டவுனில் வண்டி பெட்ரோல் போட நின்றது. பெட்ரோல் போடுகிற பையன், “நல்லா இருக்கீங்களா, ஐயா?” என்றான். “என் மக செத்துட்டா” என்றேன். ஆபீஸ் வாசலில் காவல்காரரிடமும் சொன்னேன். ஒரு தடவை திறந்த வாய் இப்போது மூட மாட்டேன் என்கிறது.

ராத்திரி தங்காமல் வந்துவிட்டேன். நீ நின்ற இடத்துக்கு என்னால் நடந்து வர முடியவில்லை.

லெபுசா


ஹா-துமானே,
மார்ச் 28

ஞாகலோவின் அப்பாவுக்கு,

உங்கள் பிப்ரவரிக் கடிதம் நேரத்துக்கே வந்துவிட்டது. போர்வை வேண்டாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அன்று காலை நான்தான் அதைப் போட்டு, கழுத்தடியில் ஊக்கும் குத்திவிட்டேன். அதைப் பார்த்த பிறகும் டிக் போடுவீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. போட்டிருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மறுவாரம் லாரி வந்து கம்பிகளையும் சிமெண்டையும் ஏற்றிக்கொண்டு போனது. ஒரு மூட்டை கிழிந்து கொட்டியதை மட்டும் விட்டுவிட்டார்கள். அது மழையில் கல்லாகிவிட்டது, பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதிக்கிறார்கள். இன்னொரு டீச்சர் வரவில்லை. மத்சேலா கடனுக்கு எண்ணெய் தருவதில்லை. குழாயடியில் என் குடத்தை யாரும் தொடுவதில்லை.

தலைவர் ஊர்க்கூட்டம் கூட்டினார். மத்சேலாவின் மனைவி எழுந்தாள். “மசேருக்காரர் உண்மையச் சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. ரொம்பச் சந்தோஷம். வர்ற பனில என் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா, அந்த உண்மையக் காதுல வச்சு டாக்டரக் கூப்பிடட்டுமா, டீச்சர்?” என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கேட்டதில் தப்பு இல்லை.

தலைவர் சீல் வைத்த இறப்புத் தாளைக் கொடுத்தார். கொடுக்கும் முன் உரக்கப் படித்தார். குழந்தையின் பெயர், பிறந்த நாள், போன நாள், தாயின் பெயர். நான் நின்று கேட்டேன்.

செலுவானேயைப் பற்றி. அடுத்த வருடக் கணக்கில்தான் அவள் வருவாளாம். வரட்டும். என் பெயர்த்தாளில் நான் இப்போதே எழுதிவிட்டேன். முதல் நாள் ‘செலுவானே’ என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பெயர் வரும் என்று காத்திருக்கிறாள் என்று புரிந்தது. மறுநாளும் அப்படியே. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிலேட்டில் அவள் பெயரை எழுதிக் காட்டினேன். அவள் கையைப் பிடித்து எழுதவைத்தேன். அடுத்த நாள் காலை கூப்பிட்டதும் எழுந்து நின்றாள். “இருக்கேன், டீச்சர்.”

கரும்பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஜூலைக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது அன்றுதான். வெகுநேரம் அழுதேன்.

லிதேபா போர்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். குளிர் வருகிறது, வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மே கடைசிக்குள் வாருங்கள். ஜீப்பில் வேண்டாம். பனியில் கணவாய் ஏறிப் பழகிய குதிரை ஒன்றை மொகொத்லொங்கில் பார்த்து வாங்கி, அதன்மேல் வாருங்கள். லீவு கொடுத்தால் லீவில் வாருங்கள், கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். இந்தக் குளிர்காலம் முழுவதும் இந்த ஊரில் எந்த வீட்டில் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும், குதிரையை எடுத்துக்கொண்டு கணவாய் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். டவர் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஊர் நம்மை மன்னிக்குமா என்று தெரியாது. நான் உங்களை மன்னித்தேனா என்றும் தெரியாது. வந்த பிறகு பார்க்கலாம்.

பகலில் பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு கை வேண்டும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கெனுவே என்று இனிமேல் எழுத வேண்டாம். அந்தத் தாளைத் தலைவர் படித்து முடித்ததும், “இந்தா, மா-ஞாகலோ” என்றுதான் நீட்டினார். நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். குழந்தை இறந்துவிட்டாள், நான் அவளுடைய அம்மா. இரண்டும் இப்போது எழுத்தில் இருக்கிறது.

மா-ஞாகலோ